மெத்தைக் கிடங்கில் பதிமூன்று பேர்

அந்தத் தெருவில் தையல்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. ‘மூணளவு’ என்றால்தான் தெரியும். சட்டை தைக்க யார் வந்து நின்றாலும் தோளை மூன்று தடவை அளப்பார். முதல் தடவை, நீங்க நேரா நிக்கல என்பார். இரண்டாவது தடவை, நாடா சுருண்டுகிச்சு என்பார். மூன்றாவது தடவைக்குக் காரணமே சொல்லமாட்டார், அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பால்காரரின் பாலையும் கறிக்கடைக்காரரின் தராசையும் அவர் நம்பியதில்லை. மனைவி தைத்த பித்தானைக்கூட ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை. ஆள் கெட்டவர் இல்லை. அவர் தைத்த துணி பத்து வருஷம் உழைக்கும். உலகம் தன்னை ஏமாற்றக் காத்துக்கொண்டிருக்கிறது என்கிற நினைப்பு மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவர் காலத்தில் அந்தக் கொள்ளைநோய் வந்தது. யார் மூச்சில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் யாரையும் நெருங்காதீர்கள் என்று ரேடியோ காலையிலும் மாலையிலும் சொன்னது. ஏற்கெனவே குரங்கு, அதற்குக் கள்ளையும் ஊற்றியாயிற்று.

வீடு சின்னது. முன்னறையில் இரண்டு மிஷின், துணி வெட்டும் மேஜை, இஸ்திரிப் பலகை. பின்னால் சமையலறை. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவியின் தம்பிதான் பிள்ளை. தாய் தகப்பன் போன பிறகு அக்கா கையில் சாப்பிட்டு வளர்ந்தவன். பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினான். மாடியறையில் இருந்தான். வெளிப்படி வழியாக ஏறலாம், ஆனால் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கீழேதான் வருவான்.

நோய் வந்த வாரமே தையல்காரர் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து, சமையலறையின் பின்வாசலுக்குக் குறுக்கே தரையில் ஒரு கோடு இழுத்தார். மச்சான் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும். பின்பக்கக் குழாயடியில் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் முக்கிவிட்டுத்தான் அங்கேயும் வரலாம். அவனுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். கோடு அழிய அழிய தினமும் காலையில் புதிதாகப் போடுவார். வேறு தையல் வேலையும் இல்லை. கல்யாணக் கோட்டுகள் பாதி வெட்டினபடி மேஜையில் கிடந்தன. பள்ளிக்கூடச் சீருடைத் துணி மூட்டை பிரிக்காமலே கிடந்தது.

மச்சான் காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவான். தலையில் சொட்டும் ஈரத்தோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்காருவான். அக்கா தட்டைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். ரொட்டியும் முட்டையும்தான் பெரும்பாலும். கடை திறக்கிற கொஞ்ச நேரத்துக்குள் வேறு என்ன கிடைக்கும்.

“இன்னைக்கு எத்தனை பேரைத் தூக்குன?” என்று தையல்காரர் மிஷினில் உட்கார்ந்தபடி கேட்பார்.

“ஆறு பேரு, அத்தான்.”

“அதுல எத்தனை பேருக்கு அது?”

“எல்லாருக்கும் அதுதான்னு வெச்சுக்கிட்டுத்தான் தூக்கறோம்.”

“கையுறையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருவினியா?”

“உருவினேன்.”

“செருப்பு?”

“கழுவினேன்.”

“தலைமுடி?”

“மொட்டை போட்டுக்கட்டுமா, அத்தான்?”

அக்கா காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியால் வாயைப் பொத்திச் சிரித்தாள். தையல்காரர் சிரிக்கவில்லை. மச்சான் ரொட்டியைப் பிட்டு வாயில் போடும்போது அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாரா வாரம் எங்களுக்குச் சோதனை பண்றாங்க. எனக்கு இல்லைன்னுதான் வந்துக்கிட்டிருக்கு. சீட்டு வேணா காட்டறேன்.”

“சீட்டு எவன் வேணாலும் எழுதுவான்.”

அதோடு மச்சான் எழுந்துவிடுவான். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போய்விடுவான். அவன் உட்கார்ந்த முக்காலியை அவர் கிருமிநாசினி விட்டுத் துடைப்பார்.

“என் தம்பி என்ன பன்னியா, நாயா” என்று அவள் ஒருநாள் கேட்டாள். குரல் உயரவில்லை.

“நான் அப்படிச் சொன்னேனா? உனக்காகத்தான் பாக்கறேன். நம்பிக் கெட்டவங்கதான் உண்டு, ஜாக்கிரதையா இருந்து கெட்டவன் கிடையாது.”

இவ்வளவு ஜாக்கிரதைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் மட்டும் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். மெத்தைக் கடைக்காரர் கிடங்குக்குத் திரைத்துணி தைக்கிற வேலை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். ஒரு கிடங்குக்கு எத்தனை திரை வேண்டியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. வேலை இல்லாத காலத்தில் வந்த வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

மெத்தைக் கடைக்காரர் அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையின் மூப்பர், போதகருக்கு அடுத்த பொறுப்பு. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். போதகர் கோயிலைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஆராதனையை ஃபோனில் அனுப்பத் தொடங்கியது மூப்பருக்குப் பிடிக்கவில்லை. “ஃபோன்ல பிரசங்கம் கேக்கறது, சாப்பாட்டுப் படத்தைப் பார்த்துப் பசியாறுற மாதிரி” என்றார். நம்பிக்கையான குடும்பங்களுக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். பிரதான தெரு வழியாக வராமல் சந்து வழியாக ஒவ்வொருத்தராக, பத்து நிமிஷ இடைவெளியில் வரவேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஊரே கண்ணயர்ந்திருக்கும்.

கிடங்கில் மெத்தைகளைச் சுவரோரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கும் மெத்தை, கதவுக்கும் மெத்தை. நடுவில் விரித்த மெத்தையில் பதிமூன்று பேர் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து பாடினார்கள். பாட்டு வெளியே போகாது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துப் பாடுகிற மாதிரி, பாடினவர் காதுக்கே திரும்பி வரும். காற்றும் அப்படித்தான், வந்த காற்றே திரும்பத் திரும்ப வரும். புதுப் பஞ்சு வாசனையும் வியர்வையும் அடிக்கும். கோயிலில் ஆர்கன் வாசிக்கிற பெரியவர் சின்னக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வாசிப்பார். மனைவியை இழந்தவர், பேச்சுத் துணைக்கே பாதி வருவார்.

முதல் வாரம் ஒரு அம்மாள் முகமூடியோடு வந்தாள். “அதைக் கழட்டும்மா. மூஞ்சியை மூடிக்கிட்டுப் பாடினா யாரை நம்பலைன்னு அர்த்தம்?” என்றார் மூப்பர். கழற்றிவிட்டாள்.

பால்காரரையும் தராசையும் சொந்த மச்சானையும் சந்தேகப்பட்ட மனிதர் இங்கே யாரையும் ஒரு தரம்கூட அளந்து பார்க்கவில்லை. எல்லாம் நம்மாளுங்க. நோய் என்பது வெளியே, தெருவில், ஆஸ்பத்திரியில், ஆம்புலன்ஸில் இருப்பது. அவர் ஓடித் தப்பித்து வருகிற இடமாக இருந்தது அந்தக் கிடங்கு. மூப்பர் ஜெபிக்கும்போது, விசுவாசியின் வாசற்படியை வாதை மிதிக்காது என்று அடித்துச் சொல்லும்போது, ஒரு வாரமாக இறுகியிருந்த அவர் தோள்பட்டை தளர்ந்துவிடும். அழுதுகூட இருக்கிறார்.

ஒருநாள் மச்சான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், “அத்தான், ஒரு விஷயம். ஏதோ ஒரு சபைக்காரங்க ரகசியமாக் கூடறாங்கன்னு ஆஸ்பத்திரில பேச்சு. எந்தச் சபைன்னு தெரியலை.”

தையல்காரரின் கால் மிஷின் மிதியில் நின்றுவிட்டது. இவனுக்கு எப்படித் தெரியும்? வேவு பார்க்கிறானா?

“கூடினா என்ன தப்பு? விசுவாசம் இருக்கறவன் கூடறான்.”

“விசுவாசம் வேணாம்னு சொல்லலை. ஆண்டவரையே கோயில் உச்சியில கொண்டுபோய் நிறுத்தி, குதி, தேவதூதன் தாங்கிக்குவான்னு ஒருத்தன் சொன்னானே, அது யாரு? பிசாசுதானே? குதிச்சாரா அவரு?”

“கோயிலுக்கே வராதவன் எனக்கு வேதம் சொல்றியா?”

“ஞாயித்துக்கிழமை எனக்கு எப்பவும் டூட்டி, அத்தான். யாராவது விழுந்துகிட்டேதான் இருக்காங்க.”

அவர் மிதியை மறுபடி அழுத்தினார். ஆனால் அன்று முதல் அவன் ஃபோன் பேசினால் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

ஐந்தாவது வாரம். வானம் மூடிக்கொண்டு மூன்று நாளாகத் தூறல். ஒரு கோட்டின் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அவள் ஓடி வந்தாள்.

“கருகுது, கருகுது. மூக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?”

பெட்டியைத் தூக்கினார். காலரில் பழுப்பாக ஒரு தழும்பு. புகை கண்ணெதிரே சுருண்டு போய்க்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. “ஏதோ யோசனை” என்றார். இரண்டு நாள் கழித்து வறட்டு இருமல் வந்தது. முப்பது வருஷமாகத் துணிப்பிசிறைச் சுவாசிக்கிறவருக்கு இருமல் புதுசா? வெந்நீர் குடித்தார், ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கும் போனார். இருமல் வந்தபோதெல்லாம் பாட்டை உரக்கப் பாடி அதை அமுக்கினார். பக்கத்தில் ஆர்கன் பெரியவர் உட்கார்ந்திருந்தார். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மனைவிக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பை அடித்துத் துவைத்த மாதிரி வலி என்றாள். புதன்கிழமை மச்சான் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபோது தையல்காரர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“கொண்டுவந்துட்டியே. திருப்தியா?”

“என்ன அத்தான்?”

“உள்ள படுத்திருக்காளே, அவளைக் கேளு. உன்னை வளர்த்ததுக்குக் கூலி.”

அவன் கோட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தான். இவர் குறுக்கே கையை நீட்டினார். அவள் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சானின் முகம் அப்போதுதான் விழுந்தது. அதுவரை கோபமாகத்தான் இருந்தான்.

“அக்காவை நாளைக்கே சோதனைக்கு அனுப்புங்க. மூச்சு வாங்கினா உடனே கூப்பிடுங்க. நான் இங்க இருக்கலை.” துணியை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஆஸ்பத்திரி வண்டிக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறான் என்று பிறகு தெரிந்தது.

சோதனைக்கு அனுப்பவில்லை. மூப்பர் ஃபோனில் ஜெபித்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். சூப்பை உதட்டில் வைத்தால் விழுங்க நேரமில்லாத மாதிரி திணறினாள். தையல்காரர் ஃபோனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். யாரை நம்பமாட்டேன் என்று துரத்தினாரோ அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பதினைந்து நிமிஷத்தில் வண்டி வந்தது. தலை முதல் கால்வரை வெள்ளை உறைக்குள் இருந்தவர்களில் எவன் மச்சான் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அவன் இவரிடம் பேசவில்லை. “அக்கா, கழுத்தைப் பிடிச்சுக்க” என்று அவளிடம் மட்டும் சொன்னான். எதிர்வீட்டுத் திரைகள் எல்லாம் ஒரு விரற்கடை விலகியிருந்தன.

திங்கட்கிழமை காலை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். மனைவிக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளோடு போனபோது ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையில் இவருக்கும் இருக்கிறது.

“எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“இருமல் இருந்துச்சா சார்? வாசனை தெரியாம இருந்துச்சா?”

கருகிய காலர் கண்ணில் வந்து நின்றது. அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு அஞ்சு நாள் முன்னால்.

“எங்க வீட்டுல ஆம்புலன்ஸ் ஓட்டறவன் ஒருத்தன் இருந்தான்மா. அவன்கிட்டேர்ந்துதான்.”

“அவருக்கும் பார்த்தோம் சார். அவருக்கு இல்லை. போன வாரமும் இல்லை, அதுக்கு முந்தின வாரமும் இல்லை. நீங்க ரெண்டு வாரத்துல எங்கெங்க போனீங்க, யார் யாரைப் பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க.”

“எங்கயும் போகலை.”

“யாரையுமே பார்க்கலையா?”

“இல்லை.”

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சந்தேகப்படுகிற மௌனம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா.

ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்தில் மூப்பர் கூப்பிட்டார். செய்தி அவருக்கு எப்படியோ போயிருந்தது.

“தம்பி, கிடங்கைப் பத்தி மூச்சு விட்டுடாத. எனக்காகச் சொல்லலை. ஆண்டவர் நாமம் கெட்டுப்போகும். ஊர் சிரிக்கும். உன் மச்சான்தான் கொண்டுவந்தான், அதுதான் உண்மை.”

“அவனுக்கு இல்லையாம், அண்ணே.”

“அவங்க சீட்டு அவங்க எழுதறது.”

தையல்காரருக்குத் தன் குரலையே யாரோ திருப்பிப் போட்டுக் காட்டின மாதிரி இருந்தது.

அன்று முழுக்க வீட்டில் ஒற்றை ஆளாகச் சுற்றிச் சுற்றி வந்தார். சுகாதார அலுவலகத்தார் வந்து கதவில் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பைப் பார்த்து ஆட்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். கிடங்கில் இருந்த ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தார். யார் கொடுத்திருப்பார்கள்? முன் வாரம் தொண்டை கட்டியிருந்த அம்மாளா? கைகுலுக்கின மூப்பரா? கணக்குப் போட்டுப் போட்டுக் கடைசியில் ஒரு ஓரமாக, தான் யாருக்குக் கொடுத்திருப்போம் என்கிற கேள்வி வந்தது. அதைத் தள்ளிவிட்டார். மறுபடி வந்தது.

நாலரை மணிக்கு ஆர்கன் பெரியவர் ஃபோன் செய்தார்.

“உன் வீட்டம்மாவுக்காக ஜெபிச்சுக்கிட்டே இருக்கேன்ப்பா. அந்தப் பையனை வீட்டுக்குள்ள விட்டிருக்கவே கூடாது நீ. போகட்டும். எப்படி இருக்கா?”

“ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க.”

“ஆண்டவர் பார்த்துக்குவார். நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, சந்தோஷச் செய்தி. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாளாச்சு. இப்பதான் கிளம்பிக்கிட்டிருக்கேன். குழந்தையை மடில வெச்சு ஒரு பாட்டுப் பாடிட்டு வந்துடறேன். ஒரே ஒரு சின்னக் கரகரப்பு தொண்டைல, அதுக்குக் கஷாயம் குடிச்சிருக்கேன்.”

தையல்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூப்பர் சொன்னது, ஆண்டவர் நாமம், ஊர் சிரிப்பது எல்லாம் தலைக்குள் ஒரு சுற்று வந்தது. பெரியவர் மறுமுனையில் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

“ஐயா, போகாதீங்க.”

“என்னப்பா?”

“எனக்கு இருக்கு. மச்சானுக்கு இல்லை, எனக்குத்தான். போன வாரம் ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல உக்காந்து இருமினேனே, அது துணிப்பிசிறால வந்தது இல்லை. உங்களுக்கும் வந்திருக்கும். குழந்தைகிட்டப் போகாதீங்க. கதவைச் சாத்திட்டு உக்காருங்க ஐயா, கால்ல விழறேன்.”

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தார்.

“செருப்புப் போட்டுட்டேனே” என்றார் பெரியவர். குரல் சின்னப்பிள்ளை குரல் மாதிரி இருந்தது. பிறகு, “சரிப்பா. கழட்டிடறேன்” என்றார்.

தையல்காரர் சுகாதார அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டார். பன்னிரண்டு பேரின் வீட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே ஒன்றும் திட்டவில்லை. “கிடங்குல ஜன்னல் திறந்திருந்துச்சா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லைம்மா. மெத்தை வெச்சு அடைச்சிருந்தோம்.”

அடுத்த நாள் பதினொரு பேரைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கு இருந்தது. மூப்பர் மட்டும் கதவைத் திறக்கவில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். சபையில் தையல்காரருக்குப் புதுப்பேர் வந்தது, காட்டிக்கொடுத்தவன் என்று. பெயரைச் சொல்லாமலே ஃபோன் செய்து, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் முப்பது வாங்கினான், நீ எத்தனை வெள்ளிக்காசுப்பா வாங்கின என்று ஒருத்தர் கேட்டார். போதகர் மட்டும் கூப்பிட்டு நல்லபடியாகப் பேசினார். “நான் இன்னும் கெஞ்சிக் கேட்டிருக்கணும். கோயிலைப் பூட்டினதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்” என்றார்.

சோதனை எடுத்த ஒன்பதாம் நாள் ஆர்கன் பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடக்கத்துக்கு யாரும் போக முடியவில்லை. உறையில் சுற்றிய உடலை மச்சானும் இன்னும் மூன்று பேரும்தான் குழியில் இறக்கினார்கள். போதகர் தூர நின்று ஜெபம் சொன்னார். பெரியவரின் மகள் தையல்காரருக்கு ஃபோன் செய்தாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் எடுத்தார்.

“அப்பா ஃபோன்லயே பாடினாரு, குழந்தைக்கு. மூச்சு வாங்க வாங்க” என்றாள். “உங்களை என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. திட்டணும்னுதான் எடுத்தேன். குழந்தை நல்லா இருக்கா.” வைத்துவிட்டாள்.

தையல்காரர் பகல் வெளிச்சத்தில், மிஷின் முன்னால் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தக்கூட மறந்து அழுதார்.

பன்னிரண்டாம் நாள் மனைவி வந்தாள். பாதி ஆளாக இருந்தாள். வண்டியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக் கதவருகே விட்டுவிட்டு மச்சான் படி ஏறாமலே திரும்பிப் போய்விட்டான். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, போர்வை போர்த்தி, டீ கொடுத்துவிட்டு, இவர் எதிரே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திரைத்துணி பொய் என்றார். கிடங்கைச் சொன்னார். இருமலைச் சொன்னார். பெரியவரைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அங்க படுத்திருந்தப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான்னு நினைச்சேன். தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பான். கையைக் காட்டுவான். நான் கண்ணை மூடிக்குவேன், தூங்கற மாதிரி. என் கையால சோறூட்டின பிள்ளையை.” மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். “நோய் கொடுத்தீங்க, அது போகுது, யாருக்கும் வரும். இதையும் எனக்குள்ள ஊத்திட்டீங்களே.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

“போய் அவனைக் கூட்டிக்கிட்டு வாங்க” என்றாள். “அவன் வரலைன்னா நீங்களும் வரவேண்டாம்.”

அவர் வீட்டோடு அடைந்து கிடக்கவேண்டிய நாட்கள் முடிந்த அன்று காலை, வண்டிக் கொட்டகைக்கு நடந்தார். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வண்டிகள் பின்கதவைத் திறந்து காய்ந்துகொண்டிருந்தன. மச்சான் வாளியும் துணியுமாக ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் மடக்குக் கட்டிலில் அவன் போர்வை கிடந்தது.

“அக்காவுக்கு என்ன?” என்று பதறி எழுந்தான்.

“அவளுக்கு ஒண்ணுமில்லை. உன்னைக் கூட்டிக்கிட்டு வரச்சொல்லித்தான் அனுப்பினா.” சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தைத்துக்கொண்டு வந்திருந்தார், இங்கே எல்லாம் பிரிந்துபோயிற்று. “தப்புப் பண்ணிட்டேன் மச்சான். உன்மேல பழி போட்டுட்டேன்.”

அவன் துணியைப் பிழிந்தான். “போட்டீங்க.”

“வீட்டுக்கு வா.”

“வரலாம். இப்ப முடியாது. எனக்கு இன்னும் கோபம் இருக்கு, அத்தான். இல்லைன்னு பொய் சொல்லிட்டு வந்து உங்க எதிர்ல சாப்பிட முடியாது.”

வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுக்க அவர் குனிந்தபோது, பையில் இருந்த ஃபோன் அடித்தது. மூப்பரின் மனைவி. குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினாள். அவருக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், வெளியே சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தார், விடியற்காலையிலிருந்து மூச்சு விட முடியவில்லை, உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி எண்ணுக்குக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். “உங்க மச்சான்கிட்டச் சொல்லி வண்டி அனுப்புங்க. சைரன் போடாம வரச்சொல்லுங்க. தயவு பண்ணுங்க.”

இவர் மச்சானிடம் சொன்னார். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலதிகாரியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உறையை மாட்டத் தொடங்கினான்.

“கூட வர்ற ஆள் இன்னைக்குக் காய்ச்சல்ல படுத்துட்டான். மத்தவங்க எல்லாம் வெளிய. மூப்பர் வீடு மாடியில்ல? அந்த உடம்பை நான் ஒருத்தன் இறக்க முடியாது.”

“நான் வரேன்.”

மச்சான் இவரை ஏற இறங்கப் பார்த்தான். அளக்கிற பார்வைதான். “உடம்பு தாங்குமா?”

“தாங்கும்.”

அலமாரியிலிருந்து இன்னொரு உறையை எடுத்து வீசினான். தையல் மோசம், தோள் இரண்டு விரல் அகலம், அக்குளில் இழை பிரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார். பிரிந்த இடத்தில் மச்சான் நாடாப்பட்டை ஒட்டினான்.

மூப்பர் வீட்டு மாடிப்படி குறுகல். இரண்டு வளைவு. நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டி மச்சான் தலைப்பக்கம் பிடித்தான், தையல்காரர் கால்பக்கம். ஒவ்வொரு படியிலும் நின்று பிடியை மாற்றிக்கொண்டார். வியர்வை உறையோடு மாட்டியிருந்த கண்ணாடிக்குள் வழிந்தது. மூப்பர் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து எதிரே இருந்த கண்களைக் கூர்ந்து பார்த்தார்.

“நீயா?” என்றார். முகமூடி பனித்தது. “யாருக்கும் சொல்லலையே?”

“பேசாதீங்க, அண்ணே. மூச்சு வீணாப் போகுது. என் தோளைப் பிடிச்சுக்கோங்க.”

மூப்பர் சற்றுத் தயங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டார். கனத்த கை, குழந்தை கை மாதிரி உறையைக் கசக்கிப் பிடித்தது.

வண்டி சந்திலிருந்து வெளியே வந்து பிரதான தெருவில் சத்தமில்லாமல் போனது. தையல்காரர் பின்னால் மூப்பர் பக்கத்தில், சிலிண்டரை முழங்காலால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். கடை திறக்கிற நேரம். முன்னால் லாரிகளும் வண்டிகளும் நின்றன. யாரும் வழிவிடவில்லை. எதற்கு விடவேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மச்சான் ஹாரனை அழுத்தினான், அது மற்ற ஹாரன்களோடு கலந்துபோயிற்று. மூப்பரின் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. அதை எப்படிப் படிப்பது என்று தையல்காரருக்குத் தெரியாது. இறங்குகிறது என்பது மட்டும் தெரிந்தது.

“மச்சான்” என்றார்.

“சொல்லுங்க, அத்தான்.”

“சைரனைப் போடு.”

மூப்பர் தலையைத் திருப்பினார். வேண்டாம் என்று ஆட்டப்போகிறார் என்று தையல்காரர் நினைத்தார். அவர் ஆட்டவில்லை. தையல்காரரின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

சைரன் அலறியது. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற லாரி மெதுவாக ஓரம் ஒதுங்கியது.